நல்ல தண்ணீரில் அலசிய பாட்டு

நான் கேட்டது தையல் மிஷின். வந்தது டேப் ரிக்கார்டர்.

கல்யாணமான நாளிலிருந்து நான் நச்சரித்ததில், ஒருவழியாக என் கணவர் "இன்னைக்கு மிஷினோட வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அளவு ரவிக்கையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கியது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மேலே இரண்டு சக்கரம், முன்னால் ஒரு பச்சை விளக்கு. கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய யாரோ விற்றாராம்.

"இதுவும் மிஷின்தான?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன். முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராமநாதபுரத்தில் எங்களுக்கு மைக் செட் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, கந்தூரி, மாதா கோயில் கொடியேற்றம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். பனைமரத்தில் ஏறிக் கட்டுகிற கைக்கு அந்த மெல்லிசான டேப் அடங்கவில்லை. தொட்டால் அறுந்தது. அவர் அதைத் திட்ட, நான் அவரைத் திட்ட, கடைசியில் ஒருநாள் பிடுங்கி நானே மாட்டினேன். சவர பிளேடால் சாய்வாக நறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்து, முதுகில் செல்லோடேப் ஒட்டினால் அறுந்த இடம் தெரியாமல் ஓடியது. கிட்டத்தட்டத் தையல் மாதிரிதான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவர் தொட நான் விட்டதில்லை.

சினிமாப் பாட்டைப் பிடித்து வைக்கத்தான் அவர் அதை வாங்கினார். எனக்கு அதில் ருசியில்லை. அதுதான் எல்லா டீக்கடையிலும் பாடுகிறதே. நயினார்கோவில் பக்கத்திலிருந்து மிளகாய் விற்க வந்த ஒரு பெண் எங்கள் கடை வாசலில் நிழலுக்கு உட்கார்ந்தவள், ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "உள்ள வந்து சத்தமாப் பாடேன்" என்றேன். வந்தாள். மைக்கைப் பார்த்ததும் பாட்டு வரவில்லை. "நடவுப் பாட்டு நிமிந்து நின்னா வராது" என்றாள். கொல்லையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, இல்லாத நாற்றை இல்லாத சேற்றில் நட்டபடி பாடினாள். நான் ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் மைக்கை வைத்து, அவள் நகர நகர அண்டாவை நகர்த்தினேன். அண்டா நகரும் சத்தமும் அந்த டேப்பில் இருக்கிறது. திருப்பிப் போட்டுக் காட்டியதும் வாயில் கைவைத்துக்கொண்டாள். "யாரு இவ? நம்மளவிட நல்லாப் பாடுறாளே!"

அந்த ஒரு சொல் போதும், நான் கவிழ்ந்துவிட்டேன். பிறகு யார் வாசலில் வந்து உட்கார்ந்தாலும் விடுவதில்லை. புதுமடத்திலிருந்து உறவு வீட்டுக்கு வந்த ஒரு முஸ்லிம் அம்மா தாலாட்டுப் பாட ஒத்துக்கொண்டு, மடியில் பிள்ளை இல்லாமல் முடியாது என்றுவிட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தையை இரவல் வாங்கி வந்தேன். அல்லாவின் பேரும் ரசூலின் பேரும் வரவர அது அயர்ந்து தூங்கி, குறட்டையும் பதிவாகியது. இவர்களில் யாருடைய பேரும் வெளியே யாருக்கும் தெரியாது. அவர்கள் பாடிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பிடிப்பதைவிட வைத்துக் காப்பதுதான் பெரும்பாடு. எங்கள் ஊர்க்காற்றில் ஆணியே உப்பு பூத்து உதிரும். டேப் எந்த மூலைக்கு? இரண்டாம் மழைக்கே வெள்ளையாகப் பூஞ்சை கட்டியது. நானாக ஒரு வழி கண்டேன். பிஸ்கட் டின்னில் சுருளை வைத்து, கூடவே வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். அரிசி நமத்துப்போனால் திரும்ப வறுத்துப் போடுவேன். மாதம் ஒருமுறை எல்லாச் சுருளையும் ஓடவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்துச் சுற்றி வைப்பேன். "டேப்புக்குப் பொங்கல் வைக்கிறா" என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் பாம்பனிலிருந்து அந்த அக்கா வந்தார். மகள் கல்யாணத்துக்கு எங்கள் செட்டை முன்பே சொல்லியிருந்தவர். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. கையில் ஒரு ஓலைப்பெட்டி. அதற்குள் துணி, துணிக்குள் தூண்டில் கயிறு சுற்றுகிற மரக்கட்டை. கட்டையில் நைலான் கயிற்றுக்குப் பதிலாகப் பழுப்பு நிறத்தில் டேப் சுற்றியிருந்தது.

"தங்கச்சி, இதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு இருக்காரு. வெளிய எடுத்துக் குடு" என்றார்.

அவர் வீட்டுக்காரர் இலங்கையில், மன்னார்ப் பக்கம் ஒரு மீன் வாடியில் கரைவலை இழுக்கப் போனவர். கல்யாணத்துக்கு வர எவ்வளவோ முயன்றும் பயணக் காகிதம் கிடைக்கவில்லை. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லையாம். முதலாளி வீட்டு டேப் ரிக்கார்டரில் பாடி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். வந்தவர் வள்ளத்திலிருந்து இறங்கும்போது அலை தூக்கிப் போட, பெட்டியும் அவரும் கடலில்.

"சோப்பு கரைஞ்சுபோச்சு, எண்ணெ டின்னு மெதந்துபோச்சு. இது மட்டும் அடியில கெடந்துச்சு. சக்கரம் ரெண்டா ஒடஞ்சிருச்சு. உப்புத்தண்ணி பட்டா நல்லதண்ணியில அலசணும்ல? தெருவுல அத்தன பேரும் ஆளுக்கொரு கொடம் ஊத்தி அலசுனோம். வலை காயப்போடுற கம்புல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டி, நெழல்ல காயவச்சோம். ஆடு திங்காம, காக்கா கொத்தாம பொம்பளைக மாத்தி மாத்திக் காவல். காத்துல அங்கன இங்கன அறுந்துச்சு. அதையும் சரிபண்ணிட்டோம்."

அவர் சொன்ன 'சரி' என்ன என்று கட்டையைப் பிரித்தபோது தெரிந்தது. அறுந்த இடத்திலெல்லாம் கிழிந்த வலையைப் பொத்துகிற நூலால் முடிச்சு. சின்னச் சின்னதாக, அழகாக, கல் மாதிரி இறுகிய முடிச்சு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா இது? வலையா இது? யாரு முடிச்சுப் போட்டது?"

"எல்லாருந்தான். இழுத்துப் பாரு, ஒண்ணுகூட அவுறாது."

அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக ஆரம்பித்த வாயால் சிரித்து எனக்குப் புரையேற, அவரும் சிரித்துக்கொண்டே என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். நல்ல தண்ணீரில் அலசியது சரியான காரியம்; என்னிடம் அப்படியே கொண்டுவந்திருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். உப்போடு காய்ந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. முடிச்சுத்தான் தலைவலி.

பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். பெண் ஒரே பிடிவாதம். கோயிலில் தாலி கட்டி ஊர்வலமாக வந்து, வீட்டுப் பந்தல் வாசலில் நிற்பாளாம். அவள் அய்யா கூப்பிட்டால்தான் உள்ளே கால் வைப்பாளாம்.

"சின்னதுல இருந்து கரையில வெளையாடப் போனா, அவரு கூப்பிட்டாத்தான் வீட்டுக்கு வருவா. நான் தொண்டை கிழியக் கத்துனாலும் திரும்ப மாட்டா. அவரும், 'இதுல கூப்பிட்டிருக்கேன், போடச் சொல்லு'ன்னு சொல்லிவிட்டிருக்காரு. இது பேசலைனா அவ அங்கனயேதான் நிப்பா, தங்கச்சி. மாப்பிள வீட்டு ஆளுக முன்னாடி நான் என்ன செய்வேன்?" சிரித்த கண்ணை அப்படியே முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"கூப்பிட வச்சுருவோங்க்கா. நீங்க போய் வேலையப் பாருங்க" என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். யோசித்துக் கொடுத்த வாக்கு இல்லை.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். காலிச் சக்கரம் ஒன்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்து, முடிச்சு வந்த இடத்தில் நறுக்கி ஒட்டினேன். அடுப்பை என் கணவரைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். புளி இல்லாத புளிக்குழம்பு அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

முக்கால்வாசி முடிந்ததும் போட்டுப் பார்த்தோம். கம்பளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு யாரோ பேசுவது போல ஒரு முனகல். பிறகு உற்றுப் பார்த்தால், டேப் புரண்டு, பாட்டு இல்லாத பளபளப்பான முதுகுப் பக்கம் உள்ளே போயிருந்தது. தெருவே சேர்ந்து கட்டையில் சுற்றினால் புரளாமல் என்ன செய்யும்? மொத்தத்தையும் பிரித்து, புரட்டி, திரும்பச் சுற்றினேன்.

இப்போது வந்தது குரல். அப்பா, என்ன குரல்! கணீரென்று, கொஞ்சம் கரகரப்போடு, முன்னால் நிற்கிறவனை விலகச் சொல்வது மாதிரி.

"கைய வச்சு இழுங்க மச்சான்..."

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பல்லெல்லாம் தெரிந்தது. அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. சக்கரம் ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, வெறும் இரைச்சல். கொஞ்சம் கழித்துத் திரும்ப,

"கல்யாண வலை கனக்குது மச்சான்..."

மறுபடி ஒன்றுமில்லை. ஓர் அடி பாட்டு, ஓர் அடி வெறும் இரைச்சல். போகப் போக எல்லா இடத்திலும் அப்படியே.

"உப்பு தின்னுருச்சு" என்றார் அவர். "பாதிப் பாட்டப் போட்டா ஊரே சிரிக்கும். செட்டுதான் கெட்டுப்போச்சும்பாக. நம்ம பேரு போயிரும். வேணாம், விட்டுரு."

"அந்தப் பிள்ள வாசல்ல நிப்பாளே?"

"நின்னா கால் வலிச்சதும் உள்ள போவா."

எனக்கு வந்ததே கோபம். "இது என் மிஷின். நான் வாக்குக் குடுத்திருக்கேன். நானே வந்து போடுறேன். சிரிச்சா என்னையப் பார்த்துச் சிரிக்கட்டும்." சொல்லிவிட்டேனே தவிர, அவர் சொன்னதுதான் நடக்கும் என்று எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். கரைவலை இழுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை; கடற்கரையில் பிறந்தவளும் இல்லை. அந்தப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்றே தெரியாமல் அது கெட்டுவிட்டது என்று இருவருமே முடிவு கட்டிவிட்டோம். கடைசிப் பகுதியை ஒட்டி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அது திரும்புவதற்குள் கல்யாணத்துக்கு ரயில் ஏறும் நேரம் வந்துவிட்டது. கடைசியில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே சுருளை டின்னில் வைத்து, அரிசி முடிப்பையும் போட்டு மூடினேன்.

குழாய், ஆம்ப்ளிஃபயர், கம்பிக்கட்டு எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றினோம். பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கடல், காற்று ஜன்னல் வழியாக அடித்தது. நான் டின்னை மடியில் வைத்து முந்தானையால் போர்த்திக்கொண்டேன். "பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது" என்றார் அவர். நான் இன்னும் இறுக்கிப் போர்த்தினேன்.

பாம்பனில் இறங்கியதும் கூட்டம் கூடிவிட்டது. "ஏலே, பொம்பள மைக் செட்டுடா!" என்று ஒருவன் கத்த, "வாய மூடுலே, அவுகதான் ஒங்க பெரியப்பாவை வெளிய எடுக்க வந்திருக்காக" என்று ஒரு அம்மா அதட்டினார். தெரு முழுக்க விஷயம் பரவியிருந்தது. ஆளாளுக்கு வந்து டின்னைத் தொட்டுப் பார்த்தார்கள். "இதுல நாலாவது முடிச்சு நான் போட்டது, இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. "பத்திரமா இருக்கு" என்றேன். பொய்யில்லை, பிளேடு டப்பாவில் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

மாதா கோயிலிலிருந்து கம்பி இழுத்துக் கரண்ட் எடுத்தோம். பந்தல் வாசலுக்கு நேரே மேசை போட்டு என் பெட்டியை வைத்தேன். கோயில் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் திரும்பியது. பெண் வெள்ளை முக்காட்டோடு, தலையில் பூ முடியோடு, மாப்பிள்ளையின் பக்கத்தில் நடந்து வந்தாள். பந்தல் வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "என்ன, உள்ள போகலாம்ல?" என்றார்கள். அவள் தலையைக் குனிந்தபடி நின்றாள். வாத்தியம் ஓய்ந்தது. அந்த அக்கா என்னைப் பார்த்தார். என் கணவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து, வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"கைய வச்சு இழுங்க மச்சான்..."

பனைமரத்துக் குழாயிலிருந்து அந்தக் குரல் தெருவெல்லாம் விழுந்தது. அக்கா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த வெற்று இடம் வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலேலோ!"

பந்தலுக்குப் பின்னால் சோற்று அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தவர்கள். நாலைந்து பேர், அண்டாவைப் பிடித்த கையை விடாமல், ஒரே குரலில்.

"கல்யாண வலை கனக்குது மச்சான்..."

"ஏலேலோ!"

இந்த முறை வாசலில் நின்றவர்கள், கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்கள், பாண்டு வாசித்தவர்களும்கூட. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பு ஒன்றையும் தின்னவில்லை. அம்பா தனியாள் பாட்டு இல்லை; ஒருவர் எடுக்க, கயிறு பிடித்தவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மனுஷன் அக்கரையில் யாருமில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, தன் ஆட்கள் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று மூச்சுக் கணக்கில் இடம் விட்டு விட்டுப் பாடியிருக்கிறார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அடுத்த அடிக்கு அவரும் சேர்ந்து கத்தினார்.

"மாதா கோயில் மணி அடிச்சாச்சு..."

"ஏலேலோ!"

"மாப்பிள்ள மீனு வலை மடிக்குள்ள வந்தாச்சு..."

சிரிப்பில் பந்தலே ஆடியது. மாப்பிள்ளைக்கு முகம் சிவந்து காதுவரைக்கும் ஏறியது. அவன் தோழர்கள் அவனைப் பிடித்து, கயிறு இழுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். வயதானவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இல்லாத வலையைக் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள். இவ்வளவு சந்தோஷமான ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் சக்கரத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் ஏலேலோ போட்டேன்.

பெண் மட்டும் அசையாமல் நின்றாள். அவளை இன்னும் கூப்பிடவில்லை.

சுருள் மெலிந்துகொண்டே வந்தது. நான் கேட்டிராத பகுதி இப்போது ஓடியது. குரல் கொஞ்சம் இறங்கியது.

"எம்மவ எங்க... எம்மவ எங்க...
கடலத் தாண்டிக் கேக்கட்டும் சத்தம்..."

பதில் சொல்ல வாயெடுத்தவர்கள் அப்படியே அடக்கிக்கொண்டார்கள். இது அவர்களுக்கு விட்ட இடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குழாயில் இரைச்சல் மட்டும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது யாருக்காகவும் நிற்காது. என் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது. அவள் வெட்கப்பட்டு நிற்கிறாள், கொஞ்சம் நிறுத்தி நேரம் கொடுக்கலாமா என்று நினைத்தேன். கல்யாணப் பெண் அத்தனை பேர் முன்னால் எப்படி வாயைத் திறப்பாள்? அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

பெண் முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். பனைமரத்துக் குழாயை நிமிர்ந்து பார்த்து, பூ முடி சரிய, கழுத்து நரம்பு புடைக்க, கரையில் நின்று நடுக்கடல் வள்ளத்தைக் கூப்பிடுகிறவளைப்போல் குரல் கொடுத்தாள்.

"ஏலேலோ! அய்யா!"

இரைச்சல் ஒரு மூச்சு நேரம் ஓடியது. பிறகு பாட்டாக இல்லாமல், பேச்சாக, பக்கத்து அறையிலிருந்து சொல்வதுபோல் அவர் சொன்னார்.

"கேட்டுருச்சுத்தா. உள்ள வா."

அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பந்தலுக்குள் வந்தாள்.